கெனிசா என்னும் சொல்லும் ஆங்கிலத் தொடரும்



மொழிபெயர்ப்பைப் பற்றிப் பேசுமாறு வட்டத்தார் பணித்தனர். கடல் போன்ற தலைப்பு அது. நான் ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எபிரேய மொழியின் 'கெனிசா' என்னும் சமயச் சொல்லை ஆங்கிலம் தன் தொடர்களில் எவ்வாறு ஆள்கிறது என்பதே என் பொருள்.

இறைவனின் திருப்பெயர் பொறித்த ஏட்டை அழித்தல் யூத சமயத்தில் விலக்கப்பட்ட செயல். ஆகவே, கிழிந்து பயனற்றுப்போன ஏடுகளைத் தொழுகைக்கூடத்தின் ஓர் அறையில் இட்டுவைப்பர்; பின்னர் இடுகாட்டில் புதைப்பர். அவ்வறையே கெனிசா. மறைத்துவைத்தல் என்பது அதன் வேர்ப்பொருள்.

பழைய கெய்ரோவாகிய ஃபுஸ்தாத்தில், பென் எஸ்ரா தொழுகைக்கூடத்து அறை பல நூற்றாண்டுகள் நிரம்பிக்கொண்டே இருந்தது. 1896-97இல் சாலமன் ஷெக்டர் அங்கிருந்து ஏறத்தாழ 1,90,000 துணுக்குகளைக் கேம்பிரிட்ஜுக்குக் கொணர்ந்தார். 1897இல் 'டைம்ஸ்' இதழில் அதுபற்றி எழுதியபோது, தலைப்பில் குவியல் என்னும் பொருள்படும் எளிய ஆங்கிலச் சொல்லையே இட்டார். எபிரேயச் சொல்லைக் கட்டுரைக்குள்ளே தந்து, மனிதர்க்கு அடக்கம் எதுவோ நூல்களுக்கு இது அது என்னும் கருத்துப்பட விளக்கினார். விளக்கம் ஒருமுறைதான், அடைப்புக்குறியோ அடிக்குறிப்போ அன்று, தொடரின் உள்ளேயே. அருஞ்சொல்லை ஆள்வோர் கற்கத்தக்க முறை இது.

இச்சொல்லை ஏன் பெயர்க்கலாகாது? 'ஆர்க்கைவ்' என்றால் மீண்டும் எடுத்துப் பார்ப்பதற்காகக் காக்கும் இடம். கெனிசாவோ இனிப் பாராதவற்றுக்கான இடம். புதையல் என்றாலும் பொருந்தாது. குப்பை என்றால் அவமதிப்பு. எபிரேய எழுத்தில் இருந்தமையால் கடைக்கணக்கும், திருமண ஒப்பந்தமும், குழந்தை எழுதிப் பழகிய ஏடும் அங்கே சேர்ந்தன. காப்பகம் என்று எண்ணிப் புகும் ஆய்வாளர், இல்லாத ஏடு தொலைந்துவிட்டது என முடிவுகட்டுவார். அங்கே எதையும் எவரும் தொகுத்து வைக்கவில்லை என்பதை அவர் மறந்துவிடுவார். ஒரு சொல்லின் பிழை வரலாற்றின் பிழையாகிவிடும்.

இனி வினை. 'பாதுகாக்கப்பட்டன' என்றால் இட்டவரின் நோக்கம் திரிகிறது. 'எறியப்பட்டன' என்றால் பக்தி போகிறது. 'டெபாசிட்' என்னும் வினை வழக்கில் உண்டு; எனக்கு அதில் வங்கியின் வாடை வீசுகிறது. ஒப்படைத்து விடைபெறும் சாயலுள்ள 'கன்சைன்' என்னும் வினையே மேல். பெரிய எழுத்தில் தொடங்கிச் சுட்டுச்சொல்லும் முன்னிற்பின் அது கெய்ரோவின் அறை. சிறிய எழுத்தாயின் எந்த ஊரின் அறையும் ஆகலாம். பன்மையில் சிலர் எபிரேய முறைப்படி 'கெனிசோத்' என்பர்; ஆங்கில விகுதி சேர்ப்பாரும் உளர். பொது வாசகர்க்கு எழுதுங்கால் ஆங்கில விகுதியே போதும் என்பேன். இறுதியில் 'எச்' இட்டு எழுதுவது கேம்பிரிட்ஜ் வழக்கு. அதனை விட்டு எழுதுவது பிரின்ஸ்டன் வழக்கு. எதுவாயினும் ஒன்றையே பற்றி நிற்றல் வேண்டும். பழந்தாள் கிடக்கும் பரணையெல்லாம் இச்சொல்லால் குறிக்கும் அணிநடையை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை.

நம் கரைக்கும் இவ்வறைக்கும் மெய்யான தொடர்பு உண்டு. 12ஆம் நூற்றாண்டில் ஆபிரகாம் பென் யிஜு என்னும் யூத வணிகர் மங்களூரில் பல்லாண்டு தங்கி, வெண்கலப் பட்டறை நடத்தினார். எஸ். டி. கோய்ட்டைன் அவருடைய கடிதங்களை ஆராய்ந்தார். அமிதாவ் கோஷ் 1992இல் வெளிவந்த தம் நூலில் அவ்வாழ்வைத் தேடிச் சென்றார். ஏடனிலிருந்து நண்பர்கள் அவருக்குத் தாளைப் பரிசாக அனுப்பினர். வந்த கடிதங்களில் எஞ்சிய வெற்றிடத்திலும் அவர் தம் கணக்கை எழுதிக்கொண்டார். அத்தாள்களோடு 1149இல் ஏடனுக்குத் திரும்பினார். பின்னர் எகிப்து சென்றார். அவற்றை அவர் காப்பகத்தில் சேர்த்தார் என்று எழுதினால், பின்வருவோர் படிப்பதற்கென வைத்துச் சென்றவர் ஆகிறார். கெனிசாவில் இட்டார் என்று எழுதினால், எழுத்தை அழிக்கக் கை வராத ஒரு வணிகர் நம் கண்முன் நிற்கிறார்.