கொடியடுப்பும் மின் நிலையமும்



கொடியடுப்பை உங்களுள் பலர் கண்டிருக்கமாட்டீர்கள். விறகு எரிவது ஓர் அடுப்பில்தான். பக்கத்துக் குழியில் விறகே இராது. ஆயினும் முதலடுப்பின் அனல் துளைவழியே வந்து அங்குள்ள குழம்பைச் சூடாக்கிக்கொண்டிருக்கும். எரிவாயுவைக் கொண்டு மின்சாரம் ஆக்கும் இக்காலத்துக் கூட்டுச் சுழற்சி நிலையங்களின் சூட்சுமமும் இதுவே.

1939-இல் சுவிட்சர்லாந்தின் நியூஷாட்டெல் நகரில், ஊருக்கு மின்சாரம் தரும் வாயு டர்பைன் ஒன்று நிறுவப்பட்டது. அழுத்திய காற்றில் எண்ணெயை எரித்து, அந்தச் சூடான வாயுவால் சக்கரத்தைச் சுழற்றினர். காற்றை அழுத்துவதற்கே அதன் ஆற்றலில் ஏறத்தாழ முக்கால் பங்கு செலவாயிற்று. மிஞ்சியது 4,000 கிலோவாட். எரிபொருளின் வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட மின்சாரமாகவில்லை. எஞ்சிய வெப்பத்தின் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வீணாயிற்று.

இன்றைய பெரிய டர்பைனுள் 1,400 டிகிரி செல்சியஸுக்கும் மேற்பட்ட சூட்டில் வாயு நுழைகிறது. வெளியேறும்போதும் ஏறத்தாழ 600 டிகிரி இருக்கிறது. தண்ணீரைக் கொதிக்கவைக்க இது தாராளமாகப் போதும். எனவே அவ்வாயுவை நீர்க்குழாய்களின்மேல் செலுத்தி நீராவி ஆக்கி, இரண்டாவது டர்பைனைச் சுழற்றுகின்றனர். அதற்கென்று தனி எரிபொருள் வேண்டுவதில்லை.

ஒரே பொறியால் இவ்வளவையும் செய்யலாகாதா? வெப்பம் நுழையும் சூட்டிற்கும் வெளியேறும் சூட்டிற்கும் இடையே வேறுபாடு மிகுந்தால்தான் பயன் மிகும் என்று 1824-இலேயே பிரெஞ்சு அறிஞர் கார்னோ காட்டினார். வாயுப் பொறி மேல்சூட்டைத் தாங்கும். ஆனால் வெப்பத்தைப் பாதி வழியிலேயே விட்டுவிடும். நீராவிப் பொறிக்கோ அவ்வளவு சூடு ஆகாது. குழாய் உலோகம் தாங்காது. ஆனால் குளிர்நீரின் சூட்டளவுவரை இறங்கி வேலை செய்யும். ஒன்று விட்ட இடத்தில் மற்றொன்று தொடங்குகிறது.

வாயு டர்பைன் நூற்றுக்கு 40 பங்கும் நீராவிப் பகுதி 35 பங்கும் பயன்தரும் என்று கணக்குக் கொடுத்தால், என் வகுப்பில் பலரும் 75 என்று விடை எழுதிவிடுவர். அது பொருந்தாது. நீராவிக்குக் கிடைப்பது எஞ்சிய 60 மட்டுமே. அதில் நூற்றுக்கு 35 என்பது 21. ஆக, மொத்தம் 61. பிரான்சின் வடபகுதியில் பூஷேன் என்னுமிடத்து நிலையம் 2016-இல் 62.22 பங்கை எட்டியது.

எரிவாயுவைத் தூய எரிபொருள் என்று சிலர் புகழ்வதை நான் முழுதும் ஏற்பதில்லை. கரியமிலவாயு இதிலும் வெளிவரவே செய்கிறது. ஒரே அளவு மின்சாரத்திற்கு எரிப்பது குறைவதால் அதுவும் குறைகிறது, அவ்வளவே.

மீதி 38 பங்கு என்னாயிற்று என்று கேட்பீர்கள். ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரில், ரைன் நதிக்கரை நிலையமொன்று 2016 முதல் அதிலும் ஒரு பகுதியைக் குழாய்வழி அனுப்பி, குளிர்காலத்தில் வீடுகளைச் சூடாக்குகிறது.