அப்டேட் தட்டும் முன்னால் நடக்கும் சோதனை

உங்க போன் "புதிய பதிப்பு வந்திருக்கு" என்று சொன்னதும் தட்டிவிடுவீங்க, இல்லையா? அந்தப் பதிப்பு ஒழுங்காகத் தயாரானதா என்று முன்கூட்டியே பார்த்தது யார்? பெரும்பாலும் ஓர் இயந்திரம்தான்.

நிரலாளர் எழுதுவது மூல நிரல். அதை ஓடக்கூடிய மென்பொருளாக மாற்றுவதற்கு 'பில்ட்' என்று பேர். எழுதியவரின் கணினியில் பில்ட் ஆகிவிடும், அடுத்தவரிடம் ஆகாது. என் நிரல் ஒன்று வீட்டில் நன்றாக ஓடியது. எதுவும் நிறுவாத வெறும் கணினியில், முதல் தமிழ் எழுத்தைக் கண்டதுமே நின்றுவிட்டது. அங்கே யூடிஎஃப்-8 அமைப்பை யாரும் போட்டு வைக்கவில்லை! ஒவ்வொரு மாற்றத்தையும் வெறும் கணினியில் முதலிலிருந்து பில்ட் செய்து பார்ப்பது இதற்காகத்தான்.

திறந்த மூல மென்பொருளுக்கு இதை அமைப்பது கஷ்டமில்லை. கிட்ஹப் தளத்தில் ஒரு சின்னக் கோப்பு போதும். எந்த இயங்குதளம், என்னென்ன கட்டளைகள், எப்போது ஓட வேண்டும் என்று அதில் எழுதிவிட்டால், யார் நிரலை மாற்றினாலும் சோதனை தானாக ஓடும். தேறினால் பச்சை, தவறினால் சிவப்பு. பொதுவில் திறந்திருக்கும் திட்டங்களுக்கு அதன் வழக்கமான கணினிகள் இலவசம். டெபியன் லினக்ஸில் இன்னும் கறார்: முன்பு தேறிய சோதனையில் புதுப் பதிப்பு தவறினால், அது அடுத்த கட்டத்துக்குப் போகாது.

பச்சை வந்துவிட்டால் நிம்மதியா? 2024 மார்ச்சில் நடந்ததைக் கேளுங்க. கோப்புகளைச் சுருக்கும் 'எக்ஸ்இசட்' மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ ரகசியக் கதவு ஒன்றை வைத்துவிட்டார்கள். எங்கே ஒளித்தார்கள் தெரியுமா? சோதனைக்கென்று வைத்திருந்த கோப்புகளுக்குள்ளேயே! பில்ட் நடக்கும்போது அதை வெளியே எடுக்கும் வரி, எல்லோரும் பார்க்கும் மூல நிரலில் இல்லை. வெளியிட்ட தொகுப்பில் மட்டும் இருந்தது.

கண்டுபிடித்தவர் ஆண்ட்ரஸ் ஃப்ராயண்ட், போஸ்ட்கிரெஸ் தரவுத்தள நிரலாளர். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய அரை விநாடி கூடுதலாக ஆனதை அவர் கவனித்தார். சில வாரங்களுக்கு முன் தானியங்கிச் சோதனை ஒன்று விநோதமான பிழை காட்டியதும் நினைவுக்கு வந்தது. துருவிப் பார்த்து, மார்ச் 29 அன்று பொதுவில் அறிவித்தார். டெபியனின் நிலையான பதிப்புக்குள் அது நுழையும் முன்பே பிடிபட்டது. இயந்திரம் குறிப்புக் கொடுத்தது உண்மை, ஆனால் அதை ஒரு மனுஷன் மறக்காமல் வைத்திருந்தாரே, அதுதான் எனக்குப் பெரிசு.

நீங்க நிரல் எழுத வேண்டாம். எஃப்-டிராய்டு செயலியை வைத்திருந்தால், அதில் பெரும்பாலான செயலிகளின் பக்கத்தில் மூல நிரலுக்கும் பிழை சொல்வதற்கும் இணைப்பு இருக்கும். செயலி நின்றுபோனால் திட்டாதீங்க. போன் மாடல், ஆண்ட்ராய்டு பதிப்பு, செயலிப் பதிப்பு, கடைசியாக எதைத் தட்டினீர்கள், இந்த நான்கையும் எழுதி அனுப்புங்க. நல்ல நிரலாளர் அதை முதலில் ஒரு சோதனையாக எழுதி, சிவப்பு வருவதைப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் சரிசெய்வார். அதே பிழை பிறகு எப்போது திரும்பி வந்தாலும் அந்தச் சோதனை சிவப்பைக் காட்டிவிடும்.