பக்கத்துப் பள்ளிக்கூடம்



பொன்முடி மலையில் மழை தொடங்கும் காலமும் பள்ளி திறக்கும் காலமும் ஒன்று. கேரளத்தில் ஜூன் மாதம் பள்ளி திறக்கும். அதற்கு முன்பே தேயிலைத் தோட்டத்து லயங்களில் ஒரு பேச்சு கிளம்பிவிடும். பிள்ளையை எங்கே சேர்ப்பது என்பதுதான் அந்தப் பேச்சு.

ஒரு வீட்டில் நடந்த பேச்சைக் கேளுங்கள். பெயர் வேண்டாம். எல்லா வீட்டிலும் நடப்பதுதானே!

அம்மா கொழுந்து பறிக்கிறார். அப்பா தோட்டத்தில் மருந்து அடிக்கிறார். மகளுக்கு முதல் வகுப்பில் சேரும் வயது. லயத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு சிறிய பள்ளி இருக்கிறது. மலைக்குக் கீழே ஒரு ஆங்கிலப் பள்ளி இருக்கிறது. கீழே போக ஜீப் வேண்டும்.

"அங்க பத்துப் பன்னிரண்டு பிள்ளைதான் இருக்கு. கூட்டம் இல்லாத கடையில பழம் அழுகித்தான் கிடக்கும்" என்றார் அப்பா.

"ஜீப்பில போற பிள்ளைகளைப் பார்த்தீங்களா? சாயங்காலம் தூங்கிக்கிட்டே இறங்குது" என்றார் அம்மா.

"அண்ணன் மகன் அங்கதான் படிக்கான். நம்ம பிள்ளை மட்டும் இங்க கிடக்கணுமா?"

"மதினிகிட்டயே கேளுங்க. அவங்க படுற பாட்டைச் சொல்லுவாங்க."

இரண்டு பேரும் மகளுக்கு நல்லதைத்தான் நினைக்கிறார்கள். அதனால்தான் சண்டை தீரவில்லை.

அப்பா சொன்ன கடைப் பேச்சை முதலில் பார்ப்போம். கடையில் கூட்டம் குறைந்தால் சரக்கு மோசம் என்று நினைக்கலாம். பள்ளியில் பிள்ளை குறைந்தாலும் அப்படித்தானா?

பிள்ளை குறையப் பல காரணங்கள் உண்டு. 1990களிலேயே கேரளத்தில் ஒரு தாய்க்குச் சராசரியாக இரண்டு குழந்தைகள்தான். முன்பு ஒரு லயத்து வீட்டில் ஐந்தாறு பிள்ளைகள் ஓடித் திரிந்திருக்கும். இப்போது ஒன்று, இரண்டு. அடுத்தது தோட்ட வேலை. பொன்முடி, மெர்ச்சிஸ்டன், போனக்காடு என்று இந்த மலைப் பக்கத்தில் பழைய தேயிலைத் தோட்டங்கள் உண்டு. தோட்டத்தில் வேலை சுருங்கினால் குடும்பங்கள் மலையை விட்டு இறங்கும். பிள்ளைகளும் கூடவே போவார்கள். இதில் வாத்தியாரின் குற்றம் என்ன இருக்கிறது?

மூன்றாவது காரணம் ஜீப். ஒரு வீட்டுப் பிள்ளை ஜீப்பில் ஏறினால், அடுத்த வீட்டுக்கும் ஆசை வரும். நாலாவது வீடு கடன் வாங்கியாவது ஏற்றிவிடும். அந்தப் பள்ளி நல்லதா கெட்டதா என்று யாரும் உள்ளே போய்ப் பார்த்திருக்க மாட்டார்கள்.

சரி, ஜீப் கணக்கைப் போடுவோம். கணக்குப் போடத்தான் கற்றுக்கொண்டாயிற்றே.

கட்டாயக் கல்விச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளது. அந்தச் சட்டப்படி ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 நாள் பள்ளி நடக்க வேண்டும். மொத்தம் 800 மணி நேரம் பாடம் நடக்க வேண்டும். இப்போது ஜீப்புக்கு வாருங்கள். பொன்முடி ஏற்றத்தில் 22 கொண்டை ஊசி வளைவுகள். போக ஒரு மணி, வர ஒரு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 2 மணி. 200 நாளைக்கு 400 மணி. படிக்கும் நேரத்தில் பாதி அளவு ஜீப்பிலேயே போய்விடுகிறது. ஐந்து வயதுப் பிள்ளை அந்த வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டே போகும். இதைத் தாய்மார்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மழைக்காலத்தில் இன்னொரு கஷ்டம். மண் சரிந்தால் சாலை அடைபடும். 2022 செப்டம்பரில் பொன்முடிச் சாலை இடிந்து வண்டிப் போக்குவரத்து நின்றது. அப்படிப்பட்ட நாளில் கீழே உள்ள பள்ளி எவ்வளவு நல்ல பள்ளியாக இருந்தாலும் மலைமேல் இருக்கும் பிள்ளைக்கு என்ன பயன்?

ஜீப்புக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுத்தால் பத்து மாதத்துக்கு 10,000 ரூபாய். பள்ளிக் கட்டணமும் உடுப்பும் தனி. இந்தப் பணம் எத்தனை நாள் கூலி என்பதை அவரவர் வீட்டில் போட்டுப் பாருங்கள்.

கேரள அரசு பிள்ளை குறைந்த பள்ளிகளுக்கு ஒரு பெயர் வைத்திருந்தது. மலையாளத்தில் "அனாதாயகரம்" என்பார்கள். ஆதாயம் இல்லாதது என்று பொருள். முன்பு ஒரு வகுப்புக்கு 25 பிள்ளைகள் இல்லாவிட்டால் அந்தப் பெயர். பிறகு அதை 15 என்று குறைத்தார்கள். அப்படியும் ஆயிரக்கணக்கான பள்ளிகள் அந்தப் பட்டியலில் இருந்தன. தேயிலை விற்றால் ஆதாயம் வரும். ரப்பர் விற்றால் ஆதாயம் வரும். பள்ளிக்கூடத்தில் ஆதாயம் என்று எதைச் சொன்னார்களோ தெரியவில்லை. அ, ஆ எழுதப் பழகிய ஒரு பிள்ளை எந்தக் கணக்கில் வரும்?

அந்தப் பெயர் விழுந்த பள்ளி என்ன ஆகும்? கோழிக்கோடு நகரத்தில் மலாப்பறம்பு என்ற இடம் உண்டு. அங்கே நூறு ஆண்டுக்கு மேல் பழமையான ஒரு பள்ளி. தனியார் நிர்வாகம், அரசு உதவி. பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். பள்ளியை மூட வேண்டும் என்று நிர்வாகம் கேட்டது. 2014 ஏப்ரலில் ஓர் இரவு கட்டடம் இடிக்கப்பட்டது. விடிந்து பார்த்தால் செங்கலும் ஓடும் குவிந்து கிடந்தன.

ஊர் மக்கள் சும்மா இருக்கவில்லை. பணம் திரட்டினார்கள். கல்லும் மண்ணும் சுமந்தார்கள். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் வகுப்பறைகளைக் கட்டி எழுப்பிவிட்டார்கள். பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள்.

வழக்கு தொடர்ந்தது. 2016 ஜூனில் நீதிமன்ற உத்தரவுப்படி பள்ளி மூடப்பட்டது. பிள்ளைகளை மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்துக்குக் கொண்டுபோய் அங்கே ஒரு கூடத்தில் பாடம் நடத்தினார்கள். பிறகு அரசே அந்தப் பள்ளியை ஏற்றுக்கொண்டது. அதோடு அதே நிலையில் இருந்த வேறு மூன்று பள்ளிகளையும் ஏற்றுக்கொண்டது.

மலாப்பறம்பு நகரத்தில் இருக்கிறது. பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள், தலைவர்கள் வந்தார்கள். காட்டுக்குள் இருக்கும் பள்ளிக்கு யார் வருவார்கள்?

இதே திருவனந்தபுரம் மாவட்டத்தில் அம்பூரிப் பக்கம் குன்னத்துமலை என்று ஒரு மலை. காணி மக்கள் வாழும் இடம். அங்கே ஓராசிரியர் பள்ளி ஒன்று நடந்தது. அதில் ஓர் ஆசிரியை 20 ஆண்டுக்கு மேல் பாடம் சொல்லிக் கொடுத்தார். கடவு வரை ஸ்கூட்டரில் வருவார். அங்கிருந்து படகு. பிறகு காட்டு வழியில் நடை. எல்லா வகுப்புக்கும் அவர் ஒருவரே. 2022 மார்ச் மாதத்தோடு கேரளத்தில் இப்படிப்பட்ட ஓராசிரியர் பள்ளிகளை மூடினார்கள். அந்த ஆசிரியைக்கு நகரத்தில் ஒரு பள்ளியில் துப்புரவு வேலை கொடுத்தார்கள். அவர் அதையும் செய்தார். கரும்பலகையில் எழுதிய கை துடைப்பம் பிடித்தது. இதைக் கேட்டு வருந்தாதவர் இல்லை. ஆனால் வருத்தப்பட்டதால் அந்த மலைப் பள்ளி திரும்பத் திறக்கவில்லை.

ஒரு பள்ளி மூடினால் யாருக்கு நஷ்டம்? ஜீப்புக்குப் பணம் உள்ளவருக்கு நஷ்டம் இல்லை. அவர் முன்பே போய்விட்டார். பணம் இல்லாத வீட்டுப் பிள்ளைதான் மிச்சம். அதிலும் பெண்பிள்ளை என்றால், தம்பியைப் பார்த்துக்கொள் என்று வீட்டிலேயே இருத்திவிடுவார்கள்.

இந்த மாவட்டத்தில் கூலி மக்கள் அரசுப் பள்ளிக்குள் நுழைந்தது சும்மா நடந்த காரியம் அல்ல. நூறு ஆண்டுக்கு முன்பு ஊரூட்டம்பலம் என்ற ஊரில் அய்யன்காளி, பஞ்சமி என்ற சிறுமியைப் பள்ளிக்குக் கூட்டிப் போனார். தாழ்த்தப்பட்ட சாதிப் பெண் உள்ளே வந்தாள் என்று பள்ளிக்கே தீ வைத்தார்கள். அந்தக் காலத்தில் வயல் வேலை செய்தவர்கள், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும் வரை வயலில் இறங்க மாட்டோம் என்று வேலையை நிறுத்தினார்கள். அந்த ஊர்ப் பள்ளிக்கு 2022இல் அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரையும் சூட்டினார்கள்.

இவ்வளவு சொன்னதால், பக்கத்துப் பள்ளி எல்லாம் நல்ல பள்ளி என்று நினைத்துவிடாதீர்கள். அப்படிச் சொன்னால் அது பொய். வாத்தியார் வராத பள்ளி உண்டு. மலைக்கு மாற்றல் வந்தால், வந்த நாளே திரும்பிப் போக மனுப் போடுகிறவர்கள் உண்டு. இரண்டு மூன்று வகுப்பை ஒரே அறையில் உட்கார வைப்பதும் உண்டு. அதைச் சில ஆசிரியர்கள் அழகாக நடத்துவார்கள். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும். சிலரிடம் அது வெறும் இரைச்சலாக இருக்கும். ஓடுவதற்கும் பாடுவதற்கும் கூட்டாளிகள் குறைவு என்பதும் ஒரு குறைதான்.

அதனால் போய்ப் பாருங்கள். பள்ளி நடக்கும் நாளில், பாடம் நடக்கும் நேரத்தில் போங்கள். வாசலில் நின்று திரும்பாதீர்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு, புத்தகத்தில் நாலு வரி படிக்கச் சொல்லிக் கேளுங்கள். நோட்டை வாங்கிப் பாருங்கள். ஆசிரியர் திருத்தியிருக்கிறாரா? தேதி போட்டிருக்கிறாரா? முன்பு இது உங்களால் முடியாது. இப்போது எழுத்து தெரியும். பெண்பிள்ளைகளுக்குத் தண்ணீரோடு கழிப்பறை இருக்கிறதா, மதியச் சோறு எப்படி இருக்கிறது, இதெல்லாம் எழுத்து தெரியாதவருக்கும் தெரியும். ஆங்கிலப் பள்ளிக்கும் போய் இதே கேள்விகளைக் கேளுங்கள். அங்கே கேட்பதற்குக் கூச்சம் வரும். பணம் கொடுக்கப்போவது நீங்கள்தானே!

எந்த மொழியில் பாடம் என்பதைத் தவறாமல் கேளுங்கள். வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம், பள்ளியில் ஆங்கிலம் என்றால் சின்னப் பிள்ளை திணறும். மொழிச் சிறுபான்மையினரின் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க மாநிலங்கள் முயல வேண்டும் என்று 1956இல் அரசியல் சட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள். கேரளத்தில் தமிழ்வழி வகுப்புகள் சில இடங்களில் உண்டு. எல்லா இடத்திலும் இல்லை. மலையாளத்தில் படித்தாலும், அக்கம்பக்கத்தில் கேட்கும் மொழி என்பதால் பிள்ளை பிடித்துக்கொள்ளும். தமிழ் எழுத்தை வீட்டில் அம்மா சொல்லிக் கொடுக்கலாம்.

தமிழ்நாட்டில் 2011 ஜூனில் ஒரு செய்தி வந்தது. ஈரோடு மாவட்ட ஆட்சியர் ஆனந்தகுமார் தம் மகளைக் குமலன்குட்டை ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் சேர்த்தார். மற்றப் பிள்ளைகளோடு தம் மகளும் சத்துணவு சாப்பிடட்டும் என்றார். நாடு முழுவதும் பாராட்டியது. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் ஆட்சியர் மகள் படிக்கும் பள்ளிக்கு எல்லாம் தானாக வரும். கூலிக்காரர் மகள் படிக்கும் பள்ளிக்குக் கேட்டால்தான் வரும்.

எங்கே கேட்பது? அதற்கும் சட்டத்தில் வழி உண்டு. அரசுப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கும் இரண்டு ஆசிரியர்கள் வேண்டும். ஒருவர்தான் இருக்கிறார் என்றால் குழுக் கூட்டத்தில் எழுதிக் கொடுக்கலாம். பல இடங்களில் இந்தக் குழுவில் உள்ள தாய்மார்கள், காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்துவிட்டு வந்தார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டால் கூட்டமே மாறும். 2017 ஜனவரியில் கேரளத்தில் பொதுக்கல்வியைக் காக்கும் இயக்கம் தொடங்கிய பிறகு பல பள்ளிகளுக்குப் புதுக் கட்டடமும் கணினியும் வந்தன. விட்டுப்போன பிள்ளைகள் பலர் திரும்பினார்கள்.

அந்த வீட்டுக்குத் திரும்புவோம்.

அம்மா ஒரு நாள் அரை நாள் கூலியை விட்டுவிட்டுப் பக்கத்துப் பள்ளிக்குப் போனார். அப்பாவும் முணுமுணுத்துக்கொண்டே கூடப் போனார். உள்ளே பதினொரு பிள்ளைகள் இருந்தார்கள். டீச்சர் ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒரு பையன் எழுந்து மழையைப் பற்றிய பாடத்தைத் திக்காமல் படித்தான். சுவரில் எழுதியிருந்த சாப்பாட்டுப் பட்டியலை அம்மா எழுத்துக் கூட்டிப் படிக்கப் பார்த்தார். மலையாள எழுத்து பாதிதான் பிடிபட்டது.

"இங்கிலீஷ் எப்ப தொடங்குவீங்க டீச்சர்?" என்று அப்பா கேட்டார். பாட்டும் கதையுமாகச் சின்ன வகுப்பிலேயே தொடங்குகிறோம் என்றார் டீச்சர். அப்பாவுக்கு முழுத் திருப்தி இல்லை. கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்பதையும் அவர்தான் கண்டுபிடித்துச் சொன்னார். டீச்சர், எழுதிக் கொடுங்கள் என்று ஒரு தாளை நீட்டினார்.

வரும் வழியில் அப்பா சொன்னார்: "ஒரு வருஷம் பார்ப்போம். சரியில்லைன்னா கீழ கொண்டுபோய் விட்டுருவேன்."

"தாழ்ப்பாள் போட்டாங்களான்னு அடுத்த மாசம் நீங்களே வந்து பாருங்க" என்றார் அம்மா.