கையெழுத்துப் போடும் முன்...
(பாலிங்கில் தோட்ட மக்களிடையே ஆற்றிய உரை)



ரப்பர் விலை சரிந்து வயிறு காய்ந்தபோது, 1974இல் விவசாயிகள் தெருவுக்கு வந்த ஊர் இது. அதே ஊரில் நாம், தோட்டம் விற்கப்பட்டதும் நிர்வாகம் நீட்டும் தாளில் பேசாமல் கையெழுத்துப் போடுகிறோம். ‘சொந்த விருப்பத்தில் விலகுகிறேன்’ என்று அதில் இருந்தால் நட்டஈடு போயிற்று!

புது முதலாளி ஏழு நாளுக்குள், பழைய சம்பளம் சலுகைக்குக் குறையாமல் வேலை தராவிட்டால் அது ஆள்குறைப்புதான். 1980ஆம் ஆண்டு விதிப்படி, ஐந்து வருடமோ அதற்கு மேலோ உழைத்தவருக்கு வருடத்துக்கு 20 நாள் சம்பளம். 22 வருடம் பால்மரம் சீவியவருக்கு 440 நாள் சம்பளம். பிச்சையல்ல இது. தராவிட்டால் தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள். நியாயமின்றி நீக்கப்பட்டால் தொழில் உறவு இலாகாவில் மனுக் கொடுக்க 60 நாள்தான் உண்டு.

இன்னொன்று. இதில்தான் நம்மவர்கள் அதிகம் கோட்டை விடுகிறார்கள். 1982 மார்ச்சுக்குப் பிறகு கோயிலில் தாலி கட்டியது மட்டும் போதாது. திருமணத்தைப் பதிய வேண்டும். பதியாவிட்டால், புருஷன் உயில் எழுதாமல் இறக்கும்போது, முப்பது வருடம் குடும்பம் நடத்தியவளும் சட்டத்தின் கண்ணில் மனைவி அல்ல. பதிந்திருந்தால், அவருடைய பெற்றோர் இல்லாதபோது மூன்றில் ஒரு பங்கு அவளுக்கு, மீதி பிள்ளைகளுக்கு.

உயிலுக்கு இரண்டு சாட்சி வேண்டும். சொத்துப் பெறப்போகும் மகனையோ மருமகளையோ சாட்சியாகப் போடாதீர்கள். அவன் பங்கு செல்லாது. இ.பி.எஃப். பணமோ உயிலைப் பார்க்காது, அங்கே நீங்கள் பதிந்த பெயருக்கே போகும். கல்யாணத்துக்கு முன் யார் பெயரைக் கொடுத்தீர்கள் என்று போய்ப் பாருங்கள்.

பிஸ்கட் டின்னில் போட்டுவைத்த சம்பளச் சீட்டு, வேலைக் கடிதம், பிறப்புப் பத்திரம் எதையும் வீசாதீர்கள். இன்று கொண்டுவந்தவர்கள் பின்னால் உள்ள மேசைக்கு வாருங்கள், பார்த்துவிடுவோம்.