இரும்புப் பறவையும் மயிற்பொறியும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



விமானம் என்றதும் காஞ்சியில் வாழும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது கயிலாசநாதர் கோயிற் கருவறையின் மேல் எழுந்து நிற்பதுதான். அசையாத அவ்விமானத்தைப் பற்றி இவ்வவையில் பலர் உரையாற்றியுள்ளனர். பறக்கும் விமானத்தைப் பற்றி, அதிலும் போர் விமானத்தைப் பற்றிப் பேச இன்று எனக்கு வாய்ப்பளித்துள்ளீர்கள். தமிழ் பயிற்றுபவளுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். என் தந்தையார் 1967 முதல் பதினைந்து ஆண்டுகள் இந்திய விமானப்படையில் பணியாற்றியவர். விமானி அல்லர், விமானத்தின் உடற்பகுதியைச் செப்பனிட்டுக் காக்கும் ஃபிட்டர். ஓரிக்கையில் தறிக்குழியில் கால் வைத்து வளர்ந்த அவர், பெங்களூரை அடுத்த ஜாலஹள்ளியில் பயிற்சி பெற்று, 1971ஆம் ஆண்டுப் போரின்போது வங்கத்தில் நாட் என்னும் சிறிய போர் விமானங்களைப் பராமரித்த அணியில் இருந்தார். ஓய்வுக்குப் பின் இன்றுவரை அவர் விரும்பிப் படிப்பது விமானப் போர் வரலாறு ஒன்றே. எங்கள் வீட்டு அலமாரியில் என் சங்க இலக்கிய உரைநூல்களும் அவருடைய விமான நூல்களும் இடத்திற்காகப் பூசலிட்டுக்கொண்டே இருக்கின்றன.

2019ஆம் ஆண்டு பிப்ரவரி 27 அன்று மிக்-21 விமானத்தில் சென்ற அபிநந்தன் வர்த்தமான் பாகிஸ்தானில் சிறைப்பட்டு, மார்ச் 1 அன்று மீண்டார். அவர் குடும்பத்தின் பூர்வீக ஊரான திருப்பனமூர், சமணர் வாழும் சிற்றூர். இங்கிருந்து நெடுந்தொலைவில் இல்லை. தீர்த்தங்கரர் இருவரின் பெயரைத் தாங்கிய ஒருவர் போர் விமானியாக இருந்தது எண்ணிப் பார்க்கத்தக்கது. ஆயினும் அது வேறு பேச்சு. அந்நாளில் கவியரங்குகளில் எழுந்த பாடல்கள் பலவற்றில் ‘இரும்புப் பறவை’ வந்தது. அவற்றுள் ஒன்றை என் தந்தையாருக்குப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டவர், “ஏம்மா, விமானத்தில் இரும்பு எங்கே இருக்கிறது?” என்றார். உடற்பகுதியும் சிறகும் பெரும்பாலும் அலுமினியக் கலவை. எஃகு என்பது சக்கரக் கால்களிலும் எந்திரத்தின் சில உறுப்புகளிலுமே உண்டு. பிறகு இன்னொன்றும் கேட்டார்: “எந்த விமானம் என்று கவிஞர் சொல்லவில்லையே?”

இவ்விரண்டு வினாக்களும் திறனாய்வு வினாக்கள் என்பதே என் கருத்து.

திருத்தக்கதேவரை எண்ணிப் பாருங்கள். சீவகசிந்தாமணியில் கட்டியங்காரனின் சூழ்ச்சியில் சிக்கிய சச்சந்தன், கருவுற்றிருந்த விசயையை மயிற்பொறியில் ஏற்றி அனுப்பிவிட்டுத் தான் போரிட்டு மடிகிறான். பொறி சுடுகாட்டில் இறங்குகிறது. சீவகன் அங்கே பிறக்கிறான். நம் காப்பியங்களில் போருக்கிடையே பறந்த ஊர்தி ஓர் உயிரைக் கொல்லவன்று, காக்கவே பறந்தது. அதனினும் என்னைக் கவர்வது வேறொன்று. அப்பொறியைத் தச்சன் எவற்றைக் கொண்டு செய்தான் என்பதைத் தேவர் சொல்கிறார்: துணி, பிசின், நூல், அரக்கு, மெழுகு. துறவியாகிய அவர் பொறி செய்பவனின் பட்டறையை எட்டிப் பார்த்திருக்க வேண்டும். விந்தை என்னவெனில், 1933இல் நம் விமானப்படையின் தொடக்க நாள்களில் பறந்த வாப்பிட்டி விமானங்களின் சிறகுகளும் துணி போர்த்தவையே. இதைச் சொன்னபோது என் தந்தையார், “அப்படியானால் அது நம்மவர் வேலைதான்” என்றார், நெசவாளர் குடும்பத்துப் பெருமையோடு.

நாட் விமானத்தின் சிறகின் நீளம் முனைக்கு முனை 22 அடி. “ஒன்பது கஜப் புடவையை விரித்தால் அதனினும் ஐந்து அடி மிகும்” என்பார் அவர். இவ்வளவு சிறிய உடலுக்குள் அனைத்தையும் அடைத்திருந்தமையால் ஒன்றைப் பழுதுபார்க்க மற்றொன்றைக் கழற்ற வேண்டியிருக்கும். இருட்டடிப்பு இரவுகளில் தாளால் மூடிய டார்ச் வெளிச்சத்தில், பாவில் அறுந்த இழையைத் தேடுவதுபோல ஆணி வரிசையின்மீது விரலை ஓட்டிப் பார்ப்பாராம். பின்னர்ப் படிவம் 700இல் ஒப்பமிட வேண்டும். அதைப் பார்த்து விமானியும் ஒப்பமிட்ட பின்னரே விமானம் எழும். ஏதேனும் நேர்ந்தால் முதலில் தேடப்படுவது அவ்வேடுதான். போனவை எத்தனை, திரும்பியவை எத்தனை என்று எண்ணிக்கொண்டு ஓடுதளத்தின் ஓரத்தில் நிற்பதைப் பற்றி மட்டும் அவர் அதிகம் பேசமாட்டார்.

தொல்காப்பியர் நடுகல்லுக்கு வகுத்த ஆறு நிலைகளில் முதலாவது காட்சி, இறுதியானது வாழ்த்து. நம் கவியரங்குகளில் காட்சிக்கு முன்பே வாழ்த்து வந்துவிடுகிறது. விமான வரலாற்று ஆர்வலர்களோ காட்சியிலேயே ஆண்டுக்கணக்கில் நிற்பவர்கள். எத்தனை விமானம் வீழ்ந்தது என்று நம் தரப்புச் சொன்னால், எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது என்று தேடுவார்கள். 1965 செப்டம்பர் 3 அன்று நம் நாட் ஒன்று பாகிஸ்தானின் பஸ்ரூர் ஓடுதளத்தில் இறங்கிச் சிறைப்பட்டதையும் என் தந்தையார் மறையாமல் சொல்வார். அவ்விமானம் கராச்சி அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது.

அப்போரிலேயே மற்றொரு நிகழ்ச்சி. செப்டம்பர் 7 அன்று சர்கோதா தளத்தைத் தாக்கச் சென்ற மிஸ்டேர் விமானங்களுள் ஒன்று திரும்பவில்லை. அதில் சென்றவர் குடகு நாட்டைச் சேர்ந்த ஸ்குவாட்ரன் லீடர் தேவய்யா. அவருக்கு என்ன நேர்ந்தது என்று இங்கே யாருக்கும் தெரியவில்லை. பாகிஸ்தான் தரப்பின் சான்றுகளைக் கொண்டு 1979இல் வெளிவந்த ஓர் ஆங்கில நூல்தான், விரைவில் மிகவும் மிஞ்சிய ஸ்டார்ஃபைட்டர் ஒன்றை மிஸ்டேர் விமானம் எதிர்த்து வீழ்த்தியதை வெளிப்படுத்தியது. ஆர்வலர்கள் அதனை நம் ஏடுகளோடு பொருத்திப் பார்த்தனர். 1988இல், இருபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின், தேவய்யாவுக்கு மகாவீர் சக்கரம் வழங்கப்பெற்றது. அவருக்குரிய கல்லைப் பகைவரின் ஏடு காட்டிக் கொடுத்தது எனலாம். வென்றவனையும் தோற்றவனையும் ஒரே பாட்டில் நிறுத்திப் பார்த்த புறநானூற்றுப் புலவர்களுக்கு இது வியப்பளித்திராது.

1971 நவம்பர் 22 அன்று போய்ரா வானில் மாஸி, சோரஸ், கணபதி, லாசரஸ் ஆகிய நால்வரும் நாட் விமானங்களில் சென்று பாகிஸ்தானின் சேபர் விமானங்களை எதிர்கொண்டனர். வீழ்ந்தவை மூன்று என்றனர் நம்மவர். இரண்டே என்றனர் அவர்கள். பாராசூட்டில் இறங்கிச் சிறைப்பட்ட இருவருள் ஒருவர் பர்வேஸ் மெஹ்தி குரேஷி. அவர் 1997இல் பாகிஸ்தான் விமானப்படையின் தலைமைத் தளபதியானபோது லாசரஸ் அவருக்கு வாழ்த்துக் கடிதம் எழுதினார். மறுமொழியும் வந்தது. இதைப் பாடுவதற்கு நம்மிடம் துறையின் பெயர் உண்டா என்று நான் தேடிக்கொண்டிருக்கிறேன். தும்பையா, வாகையா, பாடாணா? புலவர் பெருமக்கள் உதவ வேண்டும்.

காஞ்சிபுரம் வட்டாரத்தில் விமானப்படையிலிருந்து ஓய்வுபெற்ற ஃபிட்டர்களும் ரேடியோ பணியாளர்களும் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். பலர் எண்பதை நெருங்கிவிட்டனர். அவர்களுடைய பேச்சு பாதி ஆங்கிலமும் கால்பங்கு இந்தியுமாக இருக்கும். அதற்காக அவர்களை ஒதுக்கிவிட வேண்டாம். அடுத்த மாதக் கூட்டத்திற்கு வர என் தந்தையார் இசைந்துள்ளார். இரண்டு நிபந்தனைகள் விதித்திருக்கிறார். பொன்னாடை போர்த்தக் கூடாது. ஒரு கரும்பலகையும் சாக்குக் கட்டியும் வேண்டும்.