டாஷருக்கு நம்ம ஊர்ப் பேச்சு

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. அதோடு சேர்ந்து ஏறிய மராட்டியர் காலக் கோட்டைகள் மொத்தம் பன்னிரண்டு. பதினொன்று மகாராஷ்டிரத்தில், ஒன்றே ஒன்று நம்முடையது. அன்றிலிருந்து எங்கள் ஊர் டீக்கடைகளில்கூடப் பழையதைப் பராமரிப்பது பற்றித்தான் பேச்சு. நானும் ஒரு பழைய சாமானைப் பற்றித்தான் சொல்ல வந்திருக்கிறேன். அதற்கு வயது இருபதைத் தாண்டிவிட்டது. கணினி உலகில் அது கிழட்டு வயது. டாஷர் என்று பெயர். வாய் பேச வராதவர்களும் கையால் எழுத முடியாதவர்களும் எழுதுவதற்கான மென்பொருள். காசு கிடையாது; அதன் நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம்.

செஞ்சி வட்டாரத்தில் வீடு வீடாகப் போகும் சிறப்பாசிரியை நான். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகள்தான் என் மாணவர்கள். பேச்சு வராவிட்டால் புத்தியும் இருக்காது என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதற்குள் போனால் எனக்குக் கொடுத்த நேரம் அதிலேயே தீர்ந்துவிடும். வேண்டாம்.

விசைப்பலகையை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். எப்போதோ வரும் ‘ஃ’ எழுத்துக்கும் சொல்லுக்குச் சொல் வரும் ‘க’ எழுத்துக்கும் அதில் ஒரே அளவு இடம். கை நடுங்கும் பிள்ளைக்கு இது அநியாயம் இல்லையா? கேம்பிரிட்ஜ் கேவெண்டிஷ் ஆய்வகத்தில் இருந்த இயற்பியலாளர் டேவிட் மெக்கே இதைத்தான் மாற்றினார். மாணவர் டேவிட் வார்டுடன் சேர்ந்து, கண் பார்வையாலேயே எழுதும் முறையை 2002-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்.

டாஷரில் எழுத்துகள் திரையின் ஓரத்தில் பெட்டி பெட்டியாக நிற்கும். எந்தப் பெட்டியை நோக்கி நகர்கிறோமோ அது பெரிதாகி நம்மிடம் வரும். அதற்குள் அடுத்த எழுத்துகளின் பெட்டிகள், அவற்றுக்குள் அடுத்தவை. செஞ்சிக் கூட்ரோட்டில் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். திண்டிவனம் ஒரு பக்கம், திருவண்ணாமலை ஒரு பக்கம், விழுப்புரம் ஒரு பக்கம். ஜனம் அதிகம் போகிற ரோடு அகலமாக இருக்கும். அதில் கொஞ்ச தூரம் போனால் மறுபடியும் பிரிவு, அங்கேயும் அதே கணக்கு. ‘வணக்’ வரை வந்துவிட்டால் ‘க’வுக்கு எட்டுவழிச் சாலை, ‘ஞ’வுக்கு ஒற்றையடிப் பாதை. ஆனால் எந்த வழியும் அடைபட்டிருக்காது, நினைத்ததை எழுதலாம்.

மவுஸ்கூடத் தேவையில்லை. கண் அசைவு போதும், ஒற்றைப் பொத்தான் போதும். மார்பில் பெல்ட் கட்டி, மூச்சை இழுத்தும் விட்டும் எழுத முடியுமா என்று மெக்கேயின் குழு சோதித்தது. முடிந்தது! நன்றாகப் பழகியவர்கள் ஆங்கிலத்தில் மவுஸால் நிமிடத்துக்கு 39 சொல், கண்ணால் 29 சொல் வரை எழுதியதாகவும் அந்தக் குழு சொன்னது.

சரி, ரோட்டின் அகலத்தை யார் அளக்கிறார்கள்? நாம்தான். நாம் கொடுக்கும் எழுத்துக் கோப்பைப் படித்து, எதற்குப் பின் எது வரும் என்று டாஷர் கற்றுக்கொள்கிறது. அரசாணைத் தமிழைக் கொடுத்தால் ‘மா’ என்றதுமே மாவட்ட ஆட்சியர் முன்னால் வந்து நிற்பார். எனக்கு இதில் மனம் பறிபோனது இந்த இடத்தில்தான்.

என் மாணவன் ஒருவன் ஆட்டு வியாபாரியின் மகன். செஞ்சி வெள்ளிக்கிழமைச் சந்தை உங்களுக்குத் தெரியும். பக்ரீத், தீபாவளி சமயம் விடிவதற்குள்ளேயே ஆடுகள் கைமாறிவிடும். அந்தப் பேரத்தைக் கேட்டு வளர்ந்த பிள்ளை. அவன் அக்கா, வீட்டில் பேசுவதையும் அப்பா போனில் பேசுவதையும் அப்படியே நோட்டில் எழுதினாள், அவளுடைய கல்லூரித் தோழிகள் தட்டச்சு செய்தார்கள். கெடா, குட்டி, தரகு, ‘இன்னா வெல’, ‘கட்டுப்படி ஆவாது’ எல்லாம் உள்ளே போயின.

ஒரு சிக்கல் இருந்தது. கையால் ‘செ’ எழுதும்போது கொம்பை முதலில் போடுகிறோம். கணினிக்கோ ‘ச’ முதலில், கொம்பு பின்னால். பையன் கொம்பைத் தேடித் தேடிச் சலித்துப்போனான். கொம்பு, கால், புள்ளி எல்லாவற்றையும் தனி நிறத்தில் ஒரே பெட்டிக்குள் வைத்ததும் வழிக்கு வந்தது.

அப்புறம் ஒருநாள் மாலை. அப்பா போனில் விலையை இறக்கிக்கொண்டே போகிறார். இவன் தாடையை அசைத்து அசைத்து எழுதுகிறான். திரையில்: ‘கெடா பல்லு போட்டுடுச்சி. பத்துக்குத் தராத.’ அவர் படித்தார், திரையை இன்னொரு தரம் பார்த்தார், போனில் சொன்னார்: “எம்புள்ள ஒத்துக்க மாட்றான்பா.” கெடா பன்னிரண்டாயிரத்துக்குப் போனது.

மெக்கே 2016 ஏப்ரலில், 48 வயதில், புற்றுநோயால் காலமானார். கவனிப்பாரில்லாத மென்பொருள் புதுக் கணினிகளில் தடுமாறத் தொடங்கும், டாஷரும் அப்படித்தான். பிரிட்டனின் ஏஸ் சென்டர் என்ற தொண்டு நிறுவனம் அதை மீண்டும் கையில் எடுத்துச் சீரமைத்து வருகிறது. எழுதியதைச் சத்தமாக வாசிக்கும் ஈஸ்பீக் மென்பொருளின் கதையும் இதேதான். அதை உருவாக்கிய ஜானதன் டடிங்டனிடமிருந்து 2015-இல் பல மாதம் சத்தமே இல்லை. அந்த டிசம்பரில் மற்றவர்கள் ஈஸ்பீக் என்ஜி என்று தொடர்ந்தார்கள். தமிழும் வாசிக்கும். குரல் மட்டும் கொஞ்சம் தகரம்! பூட்டாத நிரலாக இருந்ததால்தான் இரண்டுக்கும் மறுபிறவி.

எழுத்துக் கூட்டத் தெரியாத சின்னப் பிள்ளைகளுக்குப் படத்தைத் தொட்டால் பேசும் செயலிகள் இருக்கின்றன. சென்னையில் அஜித் நாராயணன் உருவாக்கிய ஆவாஸ் அதில் பேர்பெற்றது. அதற்கு இன்னொரு நாள் வருகிறேன்.

நேரம் நெருங்கிவிட்டது. 2011 முதல் அரசு மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்கள் எத்தனையோ வீட்டுப் பரணில் கிடக்கின்றன. டாஷருக்கு அவற்றின் வேகமே போதும். லினக்ஸ் நிறுவித் தர விழுப்புரத்தில் கட்டற்ற மென்பொருள் குழு இளைஞர்கள் இருக்கிறார்கள். பேச்சை எழுதித் தர உங்கள் வீட்டில் ஓர் அக்கா இருப்பாள். இந்த ஞாயிற்றுக்கிழமை பரண் ஏறிப் பாருங்கள். சார்ஜரையும் கையோடு தேடி எடுத்து வையுங்கள். லேப்டாப் தருகிறவர்கள் அதை மட்டும் எங்கேயோ தொலைத்துவிடுகிறார்கள்.