குழந்தைகளின் சத்திரசிகிச்சையும் எமது கடமையும்

(சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இம்முறை சேரும் நிதியில் ஒரு பங்கை ஆபிரிக்காவில் சத்திரசிகிச்சைக்குக் காத்திருக்கும் குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா என்று நிர்வாகசபை யோசிக்கிறது. "எங்கட சனத்துக்கே காணாது, அதுக்குள்ள ஆபிரிக்காவோ?" என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நான் சத்திரசிகிச்சைக் கூடத்தில் தாதியாக வேலை செய்வதால் இதுபற்றிப் பேசச் சொன்னார்கள்.

முதலில் நிலைமையைப் பார்ப்போம். 2017இல் உலகில் சுமார் 170 கோடி சிறுவர்களுக்கும் இளவயதினருக்கும், தேவைப்பட்டால் சத்திரசிகிச்சை பெறும் வசதி இருக்கவில்லை என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். சில குழந்தைகள் வயிற்றுச் சுவர் மூடாமல், குடல் வெளியே தெரியப் பிறக்கிறார்கள். 74 நாடுகளின் ஆஸ்பத்திரிகளைப் பார்த்து 2021இல் வெளிவந்த ஆய்வில், பணக்கார நாடுகளில் இப்படிப்பட்ட 100 குழந்தைகளில் ஒன்றிரண்டுதான் இறந்தன. வறிய நாடுகளில் 90 இறந்தன.

ஏன் இந்த வித்தியாசம்? குழந்தையை உடம்புச் சூடு குறையாமல், கிருமி தொற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும். பச்சைக் குழந்தைக்கு மயக்கமருந்து கொடுக்கத் தெரிந்தவர் வேண்டும். குடல் வேலை செய்யத் தொடங்கும்வரை இரத்தநாளம் வழியாகச் சத்து ஏற்ற வேண்டும். இரவிரவாகப் பார்க்கத் தாதி வேண்டும். இதில் ஒன்று இல்லாவிட்டாலும் வைத்தியரின் கைத்திறமையால் பயனில்லை.

ஆனால் வறிய நாட்டில் ஒன்றும் செய்யேலாது என்று நினைக்கக் கூடாது. உகண்டாவின் கிழக்கே எம்பாலே என்ற நகரில் 2001இல் குழந்தைகளுக்கென ஓர் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. அங்கே தலையில் நீர் தேங்கித் தலை பெருக்கும் குழந்தைகள் நிறைய வந்தார்கள். பெரும்பாலும் பிறந்த கையோடு கிருமி தொற்றியதால் வந்த வருத்தம். வழக்கமான வைத்தியம், தலையிலிருந்து வயிற்றுக்கு ஒரு மெல்லிய குழாய் வைப்பது. குழாய் அடைபட்டால் இங்கே உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடலாம். பஸ் இல்லாத கிராமத்துத் தாய் எங்கே ஓடுவாள்?

அங்கு வேலை செய்த அமெரிக்க வைத்தியர் பெஞ்சமின் வார்ஃப், குழாய் இல்லாமலே செய்ய வழி தேடினார். சிறு கருவியை உள்ளே விட்டு நீர் ஓட ஒரு துளை போடுவதோடு, நீரைச் சுரக்கும் திசுவையும் சுட்டார். ஒரு வயதுக்கு உட்பட்டவர்களில் துளை மட்டும் போட்டபோது 100க்கு 47 பேருக்குச் சரிவந்தது. இரண்டும் செய்தபோது 66 பேருக்கு. பின்னர் அமெரிக்க வைத்தியர்களும் இந்த முறையைக் கையில் எடுத்தார்கள். குழாய் வைக்கவேண்டிய பிள்ளைகளிலும் அவர் ஒன்றைச் சோதித்தார். சுமார் 35 டொலர் விலையான இந்தியக் குழாயும், 650 டொலர் விலையான அமெரிக்கக் குழாயும் ஒரு வருடத்தின் பின் ஒரே மாதிரியான பலனையே தந்தன!

இன்னொன்று, பாதம் உட்பக்கமாக மடங்கிப் பிறக்கும் பிள்ளைகள். பார்க்காமல் விட்டால் பாதத்தின் விளிம்பில் ஊன்றி ஆயுள் முழுக்க நொண்டி நடக்க வேண்டும். இதற்குப் பெரிய வெட்டு வேண்டாம், கிழமைக்கு ஒருமுறை மாவுக்கட்டு மாற்றி மெல்ல மெல்ல நிமிர்த்தலாம் என்று காட்டியவர் இக்னாசியோ பொன்செட்டி. ஐந்தாறு கட்டு, குதிக்காலுக்கு மேலே தசைநாரில் ஒரு சிறு கீறல், பிறகு நாலு வயதுவரை இரவில் விசேட சப்பாத்து. அவ்வளவுதான்.

இந்தப் பொன்செட்டி யார்? ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் காயப்பட்டவர்களைப் பார்த்தவர். 1939இல் தோற்ற பக்கத்தோடு மலை கடந்து பிரான்சுக்கு ஓடி, மெக்சிக்கோ போய், 1941இல் அமெரிக்காவின் ஐயோவாவுக்கு வந்தவர். எங்களைப் போல ஓர் அகதி.

அந்த முறையை உகண்டாவில் பரப்ப முன்னின்றவர்களில் ஒருவர், கனடாவில் எலும்பு வைத்தியரான ஷபீக் பிரானி. 1972இல் இடி அமீன், ஆசிய வம்சாவளியினரை 90 நாட்களுக்குள் நாட்டைவிட்டுப் போகச் சொன்னது பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்தச் சமூகத்தில், உகண்டாவில் பிறந்தவர் இவர். தன் சனத்தை விரட்டிய நாட்டின் பிள்ளைகளுக்காகவே திரும்பிப் போனார். வைத்தியர் பட்டம் இல்லாத சுகாதார உத்தியோகத்தர்களுக்கும் மாவுக்கட்டுப் போடப் பழக்கினார்கள். சப்பாத்தையும் அங்கேயே செய்தார்கள். "எங்கட சனத்துக்கே காணாது" என்பதற்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

ஆனபடியால் கொடுப்போம். ஆனால் யோசித்துக் கொடுப்போம். பழைய மெஷின்களைச் சேர்த்துக் கொண்டெயினரில் அனுப்புவோம் என்று ஒரு யோசனை வந்தது. 16 நாடுகளின் விபரங்களைச் சேர்த்து 2011இல் வந்த ஓர் ஆய்வின்படி, வறிய நாட்டு ஆஸ்பத்திரிகளில் உள்ள கருவிகளில் ஏறத்தாழ 40 வீதமானவை இயங்காமலே கிடந்தன. உதிரிப்பாகம் இல்லை, திருத்த ஆள் இல்லை, மின்சாரம் ஒழுங்கில்லை. எனவே மூன்று கேள்விகள் கேட்போம். அங்குள்ளவர்கள் இதைக் கேட்டார்களா? பழுதானால் அங்கேயே திருத்தலாமா? எங்கள் காசு முடிந்த பின்னும் வேலை தொடர, அந்த ஊர் ஆள் ஒருவர் பழகிக்கொள்வாரா?

என்னைக் கேட்டால், ஒரு தாதிக்கு மயக்கமருந்துப் பயிற்சி கொடுப்பதும், ஆறு கிழமையும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் தாய்க்கு பஸ் காசு கொடுப்பதும், பெயர்ப்பலகை போட்ட பெரிய மெஷினை விட மேல். ஊரில் உள்ள எங்கட ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பும்போதும் இதே மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்.

நிர்வாகசபை இதை மனதில் வைத்து முடிவெடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.